பி.எஸ்சி. நர்சிங்: இடம் பிடிப்பது முதல் சிறப்புப் பிரிவு வரை முழு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே ஏஜென்ட்டுகளின் போன் வரத் தொடங்கிவிடும். “பி.எஸ்சி. கார்டியாக், பி.எஸ்சி. கிரிட்டிக்கல் கேர், பி.எஸ்சி. டயாலிசிஸ்... எல்லாம் நர்சிங் மாதிரிதான்” என்பார்கள். அந்த ‘மாதிரிதான்’ என்ற சொல்லை நம்பிச் சேர்ந்தவர்களுக்குப் படித்து முடித்த பிறகுதான் விஷயம் புரியும்: நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிய முடியாது.

கார்டியாக் டெக்னாலஜி, டயாலிசிஸ் டெக்னாலஜி, ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி ஆகியவை மருத்துவம் சார்ந்த தொழில்நுட்பப் படிப்புகள். நல்ல வேலைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றைப் படித்தவர் செவிலியர் ஆக மாட்டார். அரசு செவிலியர் தேர்வோ, எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வோ, அமெரிக்காவின் என்கிளெக்ஸோ எழுத முடியாது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்புகளும் பி.எஸ்சி. நர்சிங்கும் ஒரே துணை மருத்துவ விண்ணப்பத்தில் வருவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

பள்ளி முடித்து நேராகச் சேரும் நர்சிங் பட்டம் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பட்டச் சான்றிதழில் இதயம், சிறுநீரகம் என்று எந்தப் பிரிவின் பெயரும் வராது. சிறப்புப் பிரிவு என்பது படிப்புக்குள் சிறு துண்டுகளாகவும், பட்டத்துக்குப் பிறகு முழுதாகவும் வருவது. அதனால் சேரும்போது தேட வேண்டியது எல்லா வகை நோயாளிகளும் வந்து போகும் மருத்துவமனையைத்தான். பிரிவின் பெயரைத் தேடினால் ஏஜென்ட் வலையில் விழ வேண்டியதுதான்.

யார் சேரலாம்

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்களும் சேரலாம். அறிவியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 40 சதவீதம். சேரும் வருடத்தின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம் எடுத்து உயிரியலை விட்டவர்களுக்கு வழி இல்லை. ஆண்கள் தாராளமாகச் சேரலாம். பிரசவ வார்டு போஸ்டிங்கும் (வார்டில் செய்யும் பயிற்சிப் பணி) மிட்வைஃபரி (பிரசவம் பார்த்தல்) பதிவும் அவர்களுக்கும் உண்டு.

நுழையும் வாசல்கள் பல. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களையும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவையில்லை. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி ஆகிய இடங்களில் அரசு நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. எய்ம்ஸ் தனி நுழைவுத்தேர்வு நடத்துகிறது; அங்கே பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 55 சதவீதம் வேண்டும். ராணுவ செவிலியர் சேவைக்கு புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் கல்லூரிகள் உண்டு. அது பெண்களுக்கு மட்டும்; மண வாழ்வில் இருப்பவர்கள் சேர முடியாது. நீட் மதிப்பெண்ணுக்கு மேல் கணினித் தேர்வும் நேர்முகமும் மருத்துவப் பரிசோதனையும் இருக்கும். படித்து முடித்தால் லெப்டினன்ட் பதவி. பிளஸ் டூ முடிக்கும் பெண்கள் நீட் எழுதி வைத்தால் ஜிப்மர், ராணுவம் என இரண்டு வாசல் கூடுதலாகத் திறக்கும். ‘டாக்டருக்குப் படிக்கப் போவதில்லையே’ என்று விட்டுவிட வேண்டாம்.

கல்லூரியைப் பார்க்கும் முறை

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் நர்சிங் பள்ளி தொடங்கியபோதும் சரி, வேலூர் சிஎம்சியில் 1946-இல் பட்டப்படிப்பு தொடங்கியபோதும் சரி, படிப்பு மருத்துவமனைக்கு உள்ளேயே வளர்ந்தது. இன்று கட்டடம் தனியே, பேருந்து தனியே, மருத்துவமனை முப்பது கிலோமீட்டர் தள்ளி என்று நடக்கும் கல்லூரிகள் நிறைய. விதிப்படி சொந்த மருத்துவமனையில் குறைந்தது 100 படுக்கை இருக்க வேண்டும். வார்டில் ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கும் உண்டு. காகிதத்தில் எல்லாக் கல்லூரியும் இதைக் காட்டும். உண்மை நேரில்தான் தெரியும். இப்படிச் செய்யுங்கள்:

1. கல்லூரியின் பெயரை மூன்று இடத்தில் சரிபாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியல், மாநில நர்சிங் கவுன்சிலின் பட்டியல், பல்கலைக்கழக இணைப்புப் பட்டியல். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி. நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கான பட்டியலாக இருக்க வேண்டும், போன வருடப் பட்டியல் உதவாது. அதே அறக்கட்டளை நடத்தும் வேறு கல்லூரியின் அங்கீகாரத்தைக் காட்டுவது பழைய தந்திரம். பெயர், ஊர், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

2. கல்லூரியின் மருத்துவமனைக்கு வார நாளில் காலை பதினோரு மணிக்கு, நோயாளியைப் பார்க்க வந்தவர் போலப் போங்கள். ஓபி வரிசை எப்படி இருக்கிறது? பிரசவ வார்டு நடக்கிறதா? குழந்தைகள் ஐசியூ இருக்கிறதா? ‘300 படுக்கை’ மருத்துவமனையில் நான்கு மாடிக்கும் சேர்த்து இருபது நோயாளி இருந்தால், நான்கு வருடமும் பொம்மைக்குத்தான் ஊசி போடப் பழகுவீர்கள்.

3. நான்காம் வருட மாணவி ஒருவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: “எத்தனை பிரசவம் நீங்களே பார்த்தீர்கள்?”, “மனநல போஸ்டிங் எந்த ஊரில்?” முதல் கேள்விக்குத் தயங்கினால் அங்கே கேஸ் இல்லை என்று அர்த்தம்.

4. கட்டணத்தை நான்கு வருடத்துக்கும் எழுத்தில் வாங்குங்கள். டியூஷன் ஃபீஸ் குறைவாகச் சொல்லிவிட்டு ஹாஸ்டல், பேருந்து, யூனிஃபார்ம், வெளியூர் போஸ்டிங், தேர்வுக் கட்டணம், ‘க்ளினிக்கல் ஃபீஸ்’ என்று ஏற்றுவது வழக்கம். அசல் சான்றிதழ்களைப் படிப்பு முடியும்வரை வைத்துக்கொள்வோம் என்றோ, இத்தனை வருடம் எங்களிடமே வேலை செய்ய பாண்ட் எழுது என்றோ சொல்லும் இடத்தைத் தவிருங்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டிய காகிதம் அது, அடமானப் பொருள் இல்லை.

பெங்களூரு, ஆந்திரா பக்கம் சேர்ந்தாலும் பட்டம் செல்லும். அந்த மாநிலக் கவுன்சிலில் முதலில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் “வருகைப்பதிவு எல்லாம் பார்த்துக்கொள்வோம், தேர்வுக்கு மட்டும் வாருங்கள்” என்ற இடத்துக்குப் போகவே வேண்டாம். வார்டு நேரம் இல்லாத நர்சிங் படிப்பு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்ற கதை.

கவுன்சிலிங்குக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் பிறப்பிடச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ரிசல்ட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் கடைசி வாரக் கூட்டம் தாங்காது. விருப்பப் பட்டியலை நிரப்பும்போது ஊரைப் பார்த்து வரிசைப்படுத்துவதுதான் பெரிய தவறு. மருத்துவமனையைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டு செமஸ்டரில் என்ன இருக்கிறது

2021-இல் அரசிதழில் வெளியான பாடத்திட்டம் வருட முறையை எடுத்துவிட்டு செமஸ்டர், கிரெடிட் முறையைக் கொண்டுவந்தது. பழைய சீனியர்களின் நோட்டும் வினாத்தாள் தொகுப்பும் பாதிதான் பொருந்தும் என்பதற்கு இதுவே காரணம். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் 20 மணி நேரம், ஆய்வகத்தில் 40, வார்டில் 80.

முதல் இரண்டு செமஸ்டரில் உடற்கூறு, உடலியங்கியல், சமூகவியல், உளவியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, நர்சிங் ஃபவுண்டேஷன். மூன்றும் நான்கும் நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், பெரியவர்கள் நலம். ஐந்து, ஆறில் குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம், நிர்வாகம், மகப்பேறு தொடக்கம். ஏழில் மகப்பேறு, சமூக நலத்தின் இரண்டாம் பகுதி, ஆராய்ச்சியும் புள்ளியியலும். எட்டாவது முழுக்க இன்டர்ன்ஷிப்.

தேர்வில் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்துக்கும் விருப்பப் பாடங்களுக்கும் 40 போதும். வருகைப்பதிவு 80 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் வார்டு நேரம் 100 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். அம்மை போட்டு இரண்டு வாரம் வராதவர் அந்த நாட்களை விடுமுறையில் ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். வார்டு போகாத நாளைக் குறித்து வைத்து, அந்தந்த செமஸ்டரிலேயே அடைத்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாக ஓடினால் இன்டர்ன்ஷிப்புக்குள் வந்து முட்டும்.

இந்தப் பாடத்திட்டத்தில் ஒரு குழி இருக்கிறது. நர்சிங் ஃபவுண்டேஷன், மருந்தியல், குழந்தைகள் நலம், மனநலம் போன்ற பாடங்கள் இரண்டு செமஸ்டராகப் பிரிந்து வரும். முதல் பாதிக்குப் பல்கலைக்கழகத் தேர்வு தனியே கிடையாது. அதன் இன்டர்னல் மதிப்பெண் அடுத்த பாதியோடு சேரும். ‘இந்த செமஸ்டர் தேர்வில்லை’ என்று விட்டவர்களுக்கு அடுத்த செமஸ்டரில் இரண்டு மடங்கு பாடமும் குறைந்த இன்டர்னலும் சேர்ந்து வரும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரில் திணறுவது பாடத்தால் அல்ல, சொற்களால். அகராதி வைத்து ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாதீர்கள். உடைத்துப் படியுங்கள். கோலி என்றால் பித்தம், சிஸ்ட் என்றால் பை, எக்டமி என்றால் வெட்டி நீக்குதல். கோலிசிஸ்டெக்டமி பித்தப்பை நீக்கும் அறுவை. ஐட்டிஸ் வந்தால் அழற்சி, ஆஸ்டமி வந்தால் வெளியே ஒரு திறப்பு வைத்தல், ஆட்டமி வந்தால் கீறித் திறத்தல். கேஸ்ட்ரோ, ஹெபட்டோ, நெஃப்ரோ, ஆஸ்டியோ என்று உறுப்புப் பெயர்களில் ஐம்பதும், முன்னொட்டு பின்னொட்டுகளில் ஐம்பதும் தெரிந்தால், கேஸ் ஷீட்டில் பாதி தானே திறந்துகொள்ளும். விடைத்தாளில் ஆங்கிலம் அலங்காரமாக இருக்கத் தேவையில்லை. வரையறை, காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, நர்சிங் பராமரிப்பு என்ற வரிசையில் தலைப்பிட்டுச் சிறு வரிகளாக எழுதுங்கள். படம் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

மருந்துக் கணக்கு

தேர்வில் இரண்டு மதிப்பெண், வார்டில் ஒரு உயிர். ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

டிரிப் கணக்கு முதலில். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். டிரிப் செட்டின் (மருந்து இறங்கும் குழாய்) உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. நான்கு மணி நேரம் 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதில் மணிக்கு எத்தனை மில்லியோ அதுவே நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. தவறு நடப்பது பெருக்கலில் அல்ல, உறையைப் பார்க்காததில். எல்லாச் செட்டும் 20 என்று நினைத்து 15 சொட்டுச் செட்டில் அதே 42-ஐ வைத்தால், நான்கு மணியில் முடிய வேண்டியது மூன்று மணியில் முடிந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு அது நெஞ்சில் நீர் கோத்துவிடப் போதும்.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. டாக்டர் எழுதியது 20 யூனிட். கையில் 100 யூனிட் குப்பி, அவசரத்தில் எடுத்ததோ சிவப்பு மூடி சிரிஞ்ச். 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. அரை மில்லிக்குள் இருப்பது 50 யூனிட். நோயாளிக்குப் போனது இரண்டரை மடங்கு. அரை மணி, ஒரு மணியில் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பும். மாறாக, 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்தால் சர்க்கரை இறங்காது, காரணமும் பிடிபடாது. குப்பியில் எழுதிய எண்ணும் சிரிஞ்சில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று வாய்விட்டுப் படித்த பிறகே இழுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினிலும் இதே வில்லங்கம் உண்டு, மில்லிக்கு 1,000 யூனிட் குப்பியும் 5,000 யூனிட் குப்பியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை நேராக நரம்பில் ஒருபோதும் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து, பாட்டிலைக் குலுக்கி, மெதுவாக மட்டுமே.

தினமும் ஐந்து கணக்கு, ஆறு மாதம் போடுங்கள். கணக்குக்கு முன் மனதில் ஒரு தோராய விடை வரட்டும். ‘ஒரு டோஸுக்கு எட்டு ஆம்பியூல்’ என்று விடை வந்தால், கணக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வார்டில் கற்பது

போஸ்டிங் நாளில் வார்டுக்குப் பத்து நிமிடம் முன்னே போய், இரவு டியூட்டி சிஸ்டர் ஹேண்டோவர் கொடுப்பதை, அதாவது அடுத்த டியூட்டிக்கு நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதை, கேட்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இல்லாத எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது: யாருக்கு இரவு காய்ச்சல் ஏறியது, யாருக்குச் சிறுநீர் குறைந்தது, யாருக்கு கேனுலா (நரம்பில் செருகிய குழாய்) போட்ட இடம் வீங்கியது. பிறகு உங்களுக்கு ஒதுக்கிய நோயாளியிடம் போய்ப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “நீங்கதானே முருகனய்யா?” என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார். “உங்க பேர் சொல்லுங்கய்யா” என்று கேட்டுக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுவதுதான் முறை.

கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதும்போது நெட்டில் எடுத்த வாக்கியத்தை ஒட்டுவது டியூட்டருக்கு ஒரு பார்வையில் தெரியும். ‘திரவ இழப்பு அபாயம்’ என்று எழுதினால் பக்கத்திலேயே காரணம் வேண்டும்: நேற்றிலிருந்து எட்டு முறை பேதி, நாக்கு வறண்டிருக்கிறது, எட்டு மணி நேரத்தில் சிறுநீர் 150 மில்லி. எண் இருக்கிற கேர் பிளான் நோயாளியைப் பார்த்து எழுதியது.

வார்டில் செய்ததைப் பதியும் லாக் புக்கை அன்றன்றைக்கே நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். செமஸ்டர் முடிவில் இருபது கையெழுத்துக்காக மாற்றலாகிப் போன இன்சார்ஜ் சிஸ்டரைத் தேடி அலைவது வருடா வருடம் நடக்கிற கூத்து. அதோடு, லாக் புக் நகல் ஒன்றை உங்களிடம் வையுங்கள். பின்னால் வெளிநாட்டுப் பதிவுக்குப் பாடவாரியாக, வார்டுவாரியாக மணிநேரக் கணக்கு கேட்பார்கள். அப்போது கல்லூரி தரும் டிரான்ஸ்கிரிப்டைச் சரிபார்க்க இதுதான் கையிருப்பு.

வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்கியிருக்க வேண்டும்: முதல் டோஸ், ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. முடித்து ஒன்று, இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள்; மாணவர்களுக்கு ஊசி குத்துவது பல நேரம் அந்த நொடியில்தான். குத்திவிட்டால் விரலைப் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து இரவுவரை மறைத்து வைப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

படிப்புக்குள் வரும் விருப்பப் பாடங்கள்

நான்கு வருடத்தில் மூன்று விருப்பப் பாடம் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட், 20 மணி நேரம். நான்காம் செமஸ்டர் முடிவதற்குள் ஒன்று: மனித விழுமியங்கள், நீரிழிவு பராமரிப்பு, சாஃப்ட் ஸ்கில்ஸ். ஆறாவதற்குள் ஒன்று: அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, ஆளுமை வளர்ச்சி, போதை அடிமை மனநலம். எட்டாவதற்குள் ஒன்று: தாய்ப்பால் மேலாண்மை, மாதவிடாய் நின்ற பிறகான நலம், விளையாட்டு நலம், தர அங்கீகார நெறிகள், அறிவியல் கட்டுரை எழுதுதல் போல ஒரு நீண்ட பட்டியல்.

இருபது மணி நேரத்தில் யாரும் நிபுணராக மாட்டார்கள். என்றாலும் நீரிழிவை எடுக்கச் சொல்வோம். எந்த வார்டுக்குப் போனாலும் சர்க்கரை நோயாளி இருப்பார். பிரசவம், பச்சிளங்குழந்தை பக்கம் மனம் இருப்பவர்கள் தாய்ப்பாலையும், கார்ப்பரேட் மருத்துவமனையில் சேர நினைப்பவர்கள் தர அங்கீகாரத்தையும் எடுக்கலாம். பல கல்லூரிகள் பட்டியலைக் காட்டிவிட்டு, ஆசிரியர் இருக்கிற ஒரே பாடத்தை எல்லோருக்கும் தந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

உண்மையான தேர்வு எட்டாம் செமஸ்டரில் நடக்கிறது. 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம்: பெரியவர்கள் நலம் 6 வாரம், சமூகம், குழந்தைகள், மனநலம், மகப்பேறு ஒவ்வொன்றும் 4 வாரம். பெரியவர்கள் நலத்தின் ஆறு வாரத்துக்குள்தான் ஐசியூ, அவசரப் பிரிவு, தியேட்டர் எல்லாம் வரும். எந்தப் பிரிவில் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை, எங்கே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளத்தைக் கேட்டுப் பிரிவு எடுத்தவர்களைவிட இதைப் பார்த்து எடுத்தவர்கள் நிலைக்கிறார்கள்.

பட்டத்துக்குப் பின்: பதிவு, பிறகு சிறப்புப் பிரிவு

பட்டம் கையில் இருந்தாலும் பதிவு எண் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது. தமிழ்நாடு நர்ஸ் மற்றும் மிட்வைஃப் கவுன்சிலில் செவிலியர், மிட்வைஃப் என்ற இரண்டு பதிவும் சேர்த்து வாங்க வேண்டும். அதோடு தேசியப் பதிவேட்டுக்கான தனி அடையாள எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பயிலரங்கு, தொடர்கல்வி மணிநேரங்கள் கேட்பார்கள், சான்றிதழ்களைக் குப்பையில் போடாதீர்கள்.

சிறப்புப் பிரிவுக்கு மூன்று பாதை. முதலாவது, ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ: கிரிட்டிக்கல் கேர், அவசரச் சிகிச்சை, பச்சிளங்குழந்தை, புற்றுநோய், நரம்பியல், இதய மார்பு, ஆபரேஷன் தியேட்டர், எலும்பு, முதியோர், மனநலம், தீக்காயம். படுக்கை அருகிலேயே வேலை செய்ய விரும்புவோருக்கு இதுதான் சரி, பெரும்பகுதி நேரம் வார்டில் போகும். இரண்டாவது, எம்.எஸ்சி. நர்சிங், இரண்டு வருடம். பி.எஸ்சி.யில் 55 சதவீதமும் ஒரு வருட அனுபவமும் வேண்டும். மருத்துவ அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமூகம் என ஐந்து பிரிவு. கற்பித்தல், நிர்வாகம் பக்கம் போக இது தேவை. மூன்றாவது, கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர். இதுவும் இரண்டு வருட முதுநிலைப் படிப்புதான், ஆனால் வகுப்பைவிட ஐசியூவில்தான் இருப்பீர்கள்.

ஐசியூ ஆசை உள்ளவர்கள் தங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு: ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலின் 4 மில்லிகிராம் 50 மில்லியில் கலந்திருக்கிறது. நோயாளி 60 கிலோ. நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டும். பம்ப்பில் மணிக்கு எத்தனை மில்லி? ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம், தேவை நிமிடத்துக்கு 6, மணிக்கு 360, ஆக 4.5 மில்லி. இதை ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் அலாரம் அடிக்கும்போது போட வேண்டும். இது பிடித்திருந்தால் ஐசியூ. பொறுமையாகப் பேசி ஆளை மாற்றுவது பிடித்திருந்தால் மனநலம், சமூகம், நீரிழிவு. இதில் மேல் கீழ் கிடையாது.

பட்டம் முடித்த கையோடு டிப்ளமோவில் குதிக்க வேண்டாம். முதலில் ஒரு வருடம் பொது வார்டில் வேலை பாருங்கள். பத்து நோயாளியை ஒருசேரக் கவனிக்கத் தெரியாதவர், ஐசியூவில் ஒரே நோயாளியின் எட்டுக் குழாய்க்கு நடுவே தொலைந்துபோவார்.

அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு. தமிழ்நாட்டில் தேர்வானவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் வரும்போது நிரந்தரமாவதுதான் நடைமுறை. அதற்கு வருடங்கள் ஆகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கு நார்செட் தேர்வு. வளைகுடா நாடுகளுக்கு பிராமெட்ரிக் என்ற கணினித் தேர்வும் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பும், பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வோடு கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும், அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ், ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. எதற்குப் போனாலும் அனுபவச் சான்றிதழில் வார்டின் பெயர், படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருக்கும்படி வேலையை விடும் அன்றே வாங்கிவிடுங்கள்.

தமிழர்களுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எம். கவிதா’, ஆதாரில் ‘கவிதா எம்’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா முருகேசன்’ என்று இருந்தால் மூன்று பேராகத்தான் வெளிநாட்டுச் சரிபார்ப்பில் தெரியும். பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே, ஏழாம் செமஸ்டரில் பாஸ்போர்ட் எடுத்து, மற்ற ஆவணங்களையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பட்டத்திலும் பதிவிலும் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதை மாற்ற அரசிதழ் அறிவிப்பு, பல்கலைக்கழகம், கவுன்சில் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.